சுமை தூக்கியவர்களின் வெற்றி

உலகத்தின் மிகவுயர்ந்த 14 சிகரங்களுள் குளிர்காலத்தில் மனிதருக்கு வசப்படாமல் எஞ்சி நின்றது, 28,251 அடி உயரமுள்ள காரகோரத்துக் கே-2 ஒன்றே. 1987 முதல் பல தேசத்து வீரர்கள் முயன்று தோற்ற அவ்வுச்சியை, 2021-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி பதின்மர் அடைந்தனர். பதின்மரும் நேபாளத்தார், ஒன்பதின்மர் ஷெர்ப்பாக்கள். தலைமுறை தலைமுறையாக அந்நியரின் மூட்டையைச் சுமந்து, கயிறு கட்டிக் கொடுத்து, கீர்த்தியை மாத்திரம் அவர்களுக்கே விட்டுவந்த குலத்தார்!

மூன்று கோஷ்டிகளாக வந்தவர்கள் மலையில் ஒன்றுபட்டனர். முன்சென்றோர் உச்சிக்குச் சுமார் 30 அடி கீழே, அக்கடுங்குளிரிலும், பின்வருவோருக்காகக் காத்து நின்றனர். பிறகு தேசீய கீதம் பாடியவாறு யாவரும் ஒருங்கே ஏறினர். முதல்வன் எவன் என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்ட புகழ் ஒரு தேசத்தின் புகழாயிற்று. முந்துவதற்கே முண்டியடிக்கும் நாம் அந்த 30 அடியை மறவாதிருப்போமாக.