தோட்டா பாய்ந்த பிறகு

2025 ஆகஸ்ட் முதல் வாரம், திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் அருகே ஒரு தோட்டத்தில் குடும்பச் சண்டையை விலக்கப் போன சிறப்பு எஸ்.ஐ. வெட்டிக் கொல்லப்பட்டார். பிடிபட்ட இளைஞரை அரிவாளைக் கைப்பற்றக் கூட்டிப்போனபோது அவர் இன்னொரு எஸ்.ஐ.யை வெட்டினார், தற்காப்புக்காகச் சுட்டோம், இறந்துவிட்டார் என்றது போலீஸ். முதல் சாவு பெருங்கொடுமை. அதைச் சொல்லி இரண்டாவது சாவுக்குக் கணக்குக் கேட்காமல் விட முடியாது.

அந்தக் கணக்கை எப்படி எடுக்க வேண்டும் என்று 2014 செப்டம்பரில் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. முதல் வேலை எஃப்.ஐ.ஆர். பதிந்து தாமதமின்றி கோர்ட்டுக்கு அனுப்புவது. சுட்டவர்களின் ஸ்டேஷன் அதை விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் போலீஸ், மேலதிகாரி ஒருவரின் கண்காணிப்பில் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது தடயம். என் பார்வையில் வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். ரத்தம் தோய்ந்த மண், முடி, துணி நூல், கைரேகை எல்லாம் எடுக்க வேண்டும். சம்பவ இடத்தின் வரைபடம் வேண்டும். சுட்டவர் துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைத்தாக வேண்டும். போஸ்ட்மார்ட்டத்தை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும். அது முழுக்க வீடியோவில் பதிவாக வேண்டும். குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்தது என்பதை உடல்தான் சொல்லும். எரித்த பிறகு யாரைக் கேட்பது?

உறவினருக்குச் சீக்கிரமே தகவல் போக வேண்டும் என்பதும் விதி. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்த் தொழிலாளி ஒருவர் இப்படி இறந்தால், வீட்டார் ரயிலேறி வந்து சேர இரண்டு நாளாகும். தகவல் தாமதமானால் எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார்கள்.

காவலில் இருந்தவர் இறந்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 196-ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் தனியாக விசாரிப்பார். முடிந்தவரை உறவினரை அழைத்து உடனிருக்க விட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இது தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும் குடும்பங்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. வக்கீலோடு உள்ளே போங்கள்.

உச்ச நீதிமன்ற விதிகளின்படி, வீரம் சந்தேகமறத் தெளிவாகும்வரை சுட்டவர்களுக்குப் பதக்கமோ முறை தாண்டிய பதவி உயர்வோ கிடையாது. குற்றம் என்று தெரிந்தால் குற்றப்பத்திரிகை. வழக்கு நடத்த அரசு அனுமதி தேவைப்பட்டால், பி.என்.எஸ்.எஸ். 218-ஆவது பிரிவின்படி 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே ஆகிவிடும். நடுவில் எந்தப் படி விடுபட்டாலும் குடும்பத்தார் செஷன்ஸ் நீதிபதியிடம் நேரடியாகப் புகார் கொடுக்கலாம்.