எஃப்பிஎஸ் ஏறலையா? செட்டிங்ஸ மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

எனக்கு வர்ற வாய்ஸ் நோட்ல பாதி ஒரே கதைதான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், 8 ஜிபி ரேம், அதுல வேலரன்ட். கார்னர்ல திரும்பும்போது படம் ஒரு கணம் திக்குது, அதுக்குள்ள ஆள் காலி. புது மெஷினுக்கு வீட்ல கேட்டா, "படிக்கத்தானே வாங்கிக் கொடுத்தோம்"னு பதில் வரும். அதனால, இருக்கறத வச்சே என்ன பண்ணலாம்னு இன்னைக்குப் பேசலாம்.

சராசரியை நம்பாதீங்க

நொடிக்கு 60 ஃபிரேம்னா, ஒவ்வொரு ஃபிரேமையும் வரைய மெஷினுக்கு 16.7 மில்லிசெகண்ட் இருக்கு. 144னா 6.9தான். 30க்கு விழுந்தா, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 33 மில்லிசெகண்ட் இடைவெளி.

சும்மா நடக்கும்போது 90 காட்டும். ஸ்மோக் விழுந்து, நாலு பேர் ஒரே நேரத்துல அபிலிட்டி போட்டா 40க்கு இறங்கும். நீங்க சாகறது அந்த 40லதான். அதனால 90ஐ 110 ஆக்கறத விட, 40ஐ 60 ஆக்கறதுதான் எனக்கு முக்கியம்.

தடை எங்கே? ரெண்டு நிமிஷ டெஸ்ட்

வி-சிங்க், ஃபிரேம் லிமிட் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. பிராக்டிஸ் ரேஞ்சுல ஒரே இடத்துல நின்னு எஃப்பிஎஸ்ஸைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் ரெசொல்யூஷனை 1920x1080ல இருந்து 1280x720க்குக் குறைங்க. வரைய வேண்டிய பிக்சல் 20.7 லட்சத்துல இருந்து 9.2 லட்சமா குறையுது, அதாவது பாதிக்கும் கீழே.

எஃப்பிஎஸ் நல்லா ஏறினா, கிராபிக்ஸ்தான் திணறுது. மெட்டீரியல், டெக்ஸ்சர், டீட்டெயில் எல்லாத்தையும் 'லோ'வுல வைங்க. ஆன்ட்டி-அலையசிங் வேண்டாம். ரெசொல்யூஷனையும் கொஞ்சம் இறக்குங்க.

ஏறவே இல்லையா? அப்போ சிபியு பக்கம்தான் பிரச்சனை. கிராபிக்ஸை எவ்வளவு அசிங்கமாக்கினாலும் பெரிசா பலன் இருக்காது. பிரவுசரை மூடுங்க. ஸ்கிரீன் ரெக்கார்டிங், ஓவர்லே எல்லாத்தையும் நிறுத்துங்க. மல்டித்ரெடட் ரெண்டரிங் ஆப்ஷன் காட்டினா ஆன் பண்ணுங்க. சார்ஜர்ல போட்டு, விண்டோஸ் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்'ல வச்சு ஆடுங்க.

சூடு

முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடி, அப்புறம் படுத்துடுதுனா அது பெரும்பாலும் சூடுதான். சூடு ஏறினா சிபியு தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். மெத்தை மேல வச்சு ஆடாதீங்க, கீழே இருக்கற காத்து வழி அடைஞ்சுடும். பின்பக்கத்தை ரெண்டு புக் வச்சுத் தூக்குங்க. ஃபேன்ல தூசி அடைஞ்சிருந்தா சர்வீஸ்ல கொடுத்து சுத்தம் பண்ணுங்க.

இங்கேதான் ஃபிரேம் லிமிட் உதவும். 60க்கும் 110க்கும் நடுவுல ஊசலாடுற மெஷின்னா, 75ல பூட்டிப் பாருங்க. சூடு குறையும், ஃபிரேம் சீரா வரும், கைக்கும் பழகும்.

காசு செலவழிக்கறதுன்னா

தனி கார்டு இல்லாத மெஷின்ல கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்குது. டாஸ்க் மேனேஜர், பெர்ஃபாமன்ஸ், மெமரி போய்ப் பாருங்க. ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணுதான் பயன்படுதுன்னு இருந்தா, உங்க முதல் செலவு இன்னொரு ரேம் ஸ்டிக்தான். டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி கடத்தும். ரெண்டு சேர்ந்து டூயல் சேனல்ல ஓடினா 51.2. ரோடு ரெண்டு மடங்கு அகலமாகற மாதிரி. ஆனா சில மெல்லிய லேப்டாப்ல ரேம் போர்டுலயே ஒட்டியிருக்கும், காலி ஸ்லாட்டே இருக்காது. கடைக்குப் போறதுக்கு முன்னாடி மாடல் நம்பரைப் போட்டு, ஸ்லாட் இருக்கா, டிடிஆர்4ஆ 5ஆன்னு உறுதி பண்ணிக்கோங்க.

ஏற்கெனவே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வச்சிருக்கீங்களா? விண்டோஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல ஒரு தடவை பாருங்க. அங்கே 60ன்னு இருந்தா, நீங்க காசு கொடுத்து வாங்கினத பயன்படுத்தவே இல்லைன்னு அர்த்தம்.

இதை மட்டும் பண்ணாதீங்க

"ஒரே கிளிக்ல 200 எஃப்பிஎஸ்"னு ஒருத்தர் வீடியோல லிங்க் தருவார். ஆன்ட்டிவைரஸை அணைச்சுட்டு ரன் பண்ணச் சொன்னா, அங்கேயே மூடிடுங்க. மெஷின்ல இல்லாத பலத்தை எந்த சாஃப்ட்வேரும் கொண்டு வராது. உங்க பாஸ்வேர்டைத் தூக்கிட்டுப் போக மட்டும் அதால முடியும். அந்த லேப்டாப்லதான் அப்பாவோட நெட் பேங்கிங்கும் இருக்குன்னு மறந்துடாதீங்க. பலதைப் பிச்சு எறிஞ்ச 'லைட்' விண்டோஸும் வேண்டாம். விண்டோஸ் 11ல வேலரன்டோட வேன்கார்டு, செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0வும் கேட்கும். அது சரியா இல்லைன்னா கேமே திறக்காது.

இன்னொண்ணு. படம் சீரா ஓடுது, ஆனா சுட்டது படலைன்னா பிங்கைப் பாருங்க. அது நெட் பிரச்சனை, இங்க சொன்ன எதுவும் அதை சரி பண்ணாது.

இன்னைக்கு ராத்திரி டெஸ்டைப் பண்ணிப் பாருங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடியும் பின்னாடியும் நம்பரைக் குறிச்சுக்கோங்க. எது வேலை செஞ்சதுன்னு அப்பதான் தெரியும். உங்க நம்பர்களை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.