வெள்ளகோவில் வட்டாரம்: நிலமும் நீரும் ஆட்சியும்

ஓர் ஊரின் இயல்பை அறிய விழைவோர் முதற்கண் அதன் நிலத்தையும், அடுத்து அந்நிலத்திற்கு நீர் வரும் வழியையும், பின்னர் அவ்விரண்டையும் ஆளும் அமைப்பையும் அறிதல் வேண்டும். இம்மூன்றும் ஓரெல்லைக்குள் அடங்கிய ஊர்கள் உண்டு. அடங்காத ஊர்களும் உண்டு. பின்னைய வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு, திருப்பூர் மாவட்டத்தின் கீழ்த்திசையில் அமைந்த வெள்ளகோவில். அதன் நிலையினை ஈண்டு ஆராய்வோம்.

கோயம்புத்தூரிலிருந்து கரூருக்குச் செல்லும் பெருவழியில், காங்கேயத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் இவ்வூர் உள்ளது. வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் காவிரியை நாடிச் செல்ல, இடைப்பட்ட மேட்டுநிலமே இவ்வட்டாரமாகும். ஆறுகள் இரண்டு இருபுறமும் இருந்தும் ஆற்றுப்பாசனம் இதற்கு இயல்பாக வாய்த்திலது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியாதலின் தென்மேற்குப் பருவமழை குறைவு. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே உழவர்க்குப் பற்றுக்கோடு.

இவ்வறட்சியை மக்கள் எதிர்கொண்ட முறைக்குச் சான்றாவது கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலம். கிளுவையை நட்டு உயிர்வேலி அமைப்பர். உள்ளே கொழுக்கட்டைப் புல் தழைக்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். ஒரு பகுதியில் கால்நடை மேய, மற்றொரு பகுதி ஓய்ந்து புல் வளரும். கோடையில் புல் காய்ந்துழி வெள்வேலங்காய் தீவனமாகும். காங்கேயம் மாட்டினம் பெயர் பெற்றது இத்தகைய நிலத்தினாலேயே என்பது மிகையன்று. வேலி என்பது இங்கே உடைமையின் எல்லை மட்டுமன்று. நிலத்தின் வலிமையறிந்து பகுத்த எல்லையுமாகும். இக்கருத்தைப் பின்னரும் நினைவிற் கொள்வோமாக.

இனி, நீர்வரத்தைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் இரு பெருங் கால்வாய்த் திட்டங்கள் இப்பக்கம் வந்தன. பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானிக் கால்வாய் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டினை உடையது. அதன் கடைப்பகுதி முத்தூர்ப் பக்கத்தைத் தொட்டுச் செல்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டத்தின் ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பெற்று முறைவைத்து நீர் பெறுகிறது. அதன் வெள்ளகோவில் கிளைக்கால்வாய் நெடுந்தொலைவு கடந்து இங்கு வந்து முடிகிறது. ஆகவே இரு திட்டங்களுக்கும் இவ்வட்டாரம் கடைமடையாகும்.

கடைமடை என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மடை என்பது நீர் புகும் வாயில். கடைமடை அவற்றுள் இறுதியானது. காய்ந்த கால்வாயில் நீர் விடுங்கால் முதலில் மண் குடிக்கும். அடுத்துத் தலைமடையார் பெறுவர். கசிவும் முறையற்ற எடுப்பும் போக எஞ்சியதே இறுதிக்கு வரும். எனவே ஏட்டில் ஒரே அளவாகப் பங்கிட்ட நீரும் வயலில் ஒரே அளவாக அமைவதில்லை. வெள்ளகோவிலை அடுத்த வட்டமலைக்கரை ஓடை அணை பல்லாண்டுகள் நீரின்றிக் கிடந்தமையும் இந்நிலையையே காட்டும்.

ஆட்சியமைப்பிலும் இவ்வூர் எல்லையோரத்திலேயே இருந்து வந்துள்ளது. கொங்கு நாட்டை 24 நாடுகளாகப் பகுத்துரைப்பது பழைய மரபு. அவற்றுள் ஒன்று காங்கேய நாடு. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் பவானியும் தாராபுரமும் தனித்தனித் தலைமையிடங்களாக இருந்தன. 1804இல் அவை இணைந்து கோயம்புத்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1979இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது வெள்ளகோவில் அதனுட் சென்றது. அம்மாவட்டம் பின்னர் ஈரோடு எனப் பெயர் பெற்றது. 2009இல் திருப்பூர் மாவட்டம் தோன்றியபோது மீண்டும் இடம் மாறியது. ஊர் அசையவில்லை, எல்லைகளே அதன்மீது அசைந்தன.

இன்றைய அமைப்பு வருமாறு: வருவாய்த்துறையில் இவ்வூர் காங்கேயம் வட்டத்தையும், அதன்வழித் தாராபுரம் கோட்டத்தையும் சார்ந்தது. நகரப்பகுதி நகராட்சியாகும், சூழவுள்ள சிற்றூர்கள் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றான வெள்ளகோவில் ஒன்றியத்தைச் சார்ந்தவை. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்கு முன்னர் இவ்வூரின் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. இப்போது சட்டமன்றத்திற்குக் காங்கேயமும் நாடாளுமன்றத்திற்கு ஈரோடும் தொகுதிகள். ஆக, நிலப்பட்டாவிற்கு ஓரிடம், மேன்முறையீட்டிற்கு மற்றோரிடம், மாவட்ட ஆட்சியரைக் காண வேறோரிடம் என உழவர் செல்ல வேண்டியுள்ளது. கால்வாய் மதகோ இவ்வெல்லைகள் எவற்றிற்கும் உட்பட்டதன்று.

இதனால் விளையும் கேட்டினை நொய்யல் தெளிவாக உணர்த்தும். 1992இல் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்குமிடமாயிற்று. அக்காலத்தில் கழிவு தோன்றிய நகர் கோயம்புத்தூர் மாவட்டத்திலும், அதனைத் தாங்கிய வயல்கள் ஈரோடு மாவட்டத்திலும் இருந்தன. துன்பம் ஓரிடத்தும் அதன் காரணம் பிறிதோரிடத்தும் இருந்தமையின், உழவர் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது.

அங்ஙனமாயின், மாவட்ட எல்லையை மீண்டும் மாற்றுதல் தீர்வாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து. எவ்வாறு வரையினும் ஒரு மாவட்டத்துள் முழுக்கால்வாயும் அடங்காது. 2000ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம் வேறொரு நெறியைக் காட்டுகிறது. ஊரெல்லையை நோக்காது, நீர் பாயும் எல்லையை நோக்கிப் பாசன உழவர் சங்கங்களை அமைப்பது அந்நெறி. அச்சங்கங்களுக்குக் கடைமடையில் வந்து சேரும் நீரை அளக்கும் உரிமையும், அவ்வளவைத் தலைமடையாருடன் ஒருங்கமர்ந்து ஒப்பிடும் உரிமையும் நடைமுறையில் வாய்க்குமாயின், எல்லை மாறாமலே குறை பெரிதும் நீங்கும்.

கொறங்காட்டு வேலியை அமைத்தோர் நிலத்தின் தன்மையை முதலில் அறிந்து பின்னரே கோடு வகுத்தனர். நீருக்கும் அம்முறையே பொருந்துவதாகும்.