பேணியில் வளரும் புதினா

தேநீரில் நாலு புதினா இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, பிள்ளைக்குச் சத்துக் கொடுத்துவிட்டோம் என்று ஆறுதலடையும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். மணம் கிடைக்கும், சத்துக் கிடைக்காது.

பெப்பமின்ற் எனப்படும் புதினா இனத்தின் பச்சை இலை 100 கிராமில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 240 மில்லிகிராம் கல்சியமும், 30 மில்லிகிராம் விற்றமின் சீயும் உண்டு. கணக்கு நல்லதுதான். ஆனால் தேநீரில் போடும் நாலு இலை ஒரு கிராம்கூட நிறுக்காது!

ஆகவே பிடி கணக்கில் உண்ண வேண்டும். ஆளுக்கு 20 கிராம் இலையைத் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், வெங்காயம், உப்புச் சேர்த்துச் சம்பலாக அரைத்தால் ஒரு மில்லிகிராம் இரும்பு சேரும். இலைகளிலுள்ள இரும்பை உடல் இலகுவில் ஏற்காது. தேசிக்காய்ப் புளி விட்டால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். குருதிச்சோகை உள்ளவருக்கு இச்சம்பல் மருந்தாகாது. அவர் வைத்தியரிடம் போகவே வேண்டும்.

பச்சையாக உண்பதால், கொதித்தாறிய நீரில் இலையை நன்கு அலசுங்கள். கிணற்றடிச் சேற்றில் பிடுங்கியதை அப்படியே அரைக்கக் கூடாது.

இதற்குக் காணி தேவையில்லை. விதையும் வேண்டாம், கணுவுள்ள தண்டொன்றை ஊன்றினால் வேர்விடும். பழைய பால்மாப் பேணியின் அடியில் துளையிட்டு, எருக் கலந்த மண் நிரப்பி, நிழலோரம் வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் போதும். இடம் மாற நேர்ந்தால் பேணியோடு தூக்கிச் செல்லலாம்.

பெப்பமின்ற் எண்ணெயைக் கைக்குழந்தையின் மூக்கருகே பூசாதீர்கள், மூச்சுத் திணறும்.