திருடு போன லேப்டாப்பை இன்டர்நெட் பிடித்துக் கொடுக்குமா?

2008-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒயிட் பிளெய்ன்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. டிவி, ஐபாட் எனப் பல பொருட்களோடு, அங்கு குடியிருந்த ஓர் இளம்பெண்ணின் மேக் லேப்டாப்பும் போய்விட்டது. சில நாட்கள் கழித்து அவருக்குத் தோழியிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. லேப்டாப் திரும்பக் கிடைத்துவிட்டது போலிருக்கிறதே, சந்தோஷம் என்று! இவருக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், இவர் ஆன்லைனில் இருப்பதாகத் தோழியின் கம்ப்யூட்டர் காட்டியிருக்கிறது. அப்படியானால் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பது யார்?

அவர் ஆப்பிள் கடையில் வேலை பார்ப்பவர். உடனே வேறொரு மேக் கம்ப்யூட்டரில் ‘பேக் டு மை மேக்’ வசதியைத் திறந்தார். வீட்டில் இருக்கும் நம் கம்ப்யூட்டரை வெளியில் இருந்தபடி இன்டர்நெட் வழியாக இயக்க ஆப்பிள் அப்போது தந்திருந்த வசதி அது. (2019-இல் நிறுத்திவிட்டார்கள்.) திருடு போன லேப்டாப்பின் திரை அப்படியே தெரிந்தது. யாரோ கட்டில் வாங்குவதற்காக வெப்சைட்களைப் பார்த்துக் கொண்டிருந்தார்! இவர் அந்த லேப்டாப்பின் கேமராவை இங்கிருந்தே இயக்க, ஒரு முகம் பதிவானது. சில வாரங்களுக்கு முன் அதே வீட்டில் நடந்த பார்ட்டிக்கு வந்து போன முகம். போலீசார் இருவரைக் கைது செய்தார்கள்.

இந்தக் கதையை என்னிடம் சொல்லித்தான் ஒரு நண்பர் போன் செய்தார். பஸ்ஸில் தூங்கி விழித்தபோது அவர் லேப்டாப் பையைக் காணவில்லை. “நீ சாஃப்ட்வேர் இன்ஜினியர்தானேடா, ஐ.பி. அட்ரஸை வைத்துப் பிடித்துக் கொடு” என்றார். என்னால் முடியவில்லை. ஏன் என்று பார்ப்போமா?

இன்டர்நெட்டில் இணையும் கம்ப்யூட்டருக்கு ஐ.பி. அட்ரஸ் என்ற எண் உண்டு. ஆனால் இது வீட்டுக் கதவு எண் போன்றது அல்ல. இணைப்பு தரும் நிறுவனம் அதை அடிக்கடி மாற்றும். ஒரே எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தும் தரும். இன்ன நேரத்தில் இந்த எண் யாரிடம் இருந்தது என்பது அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். போலீஸ் கேட்டால் தருவார்கள். நீங்களும் நானும் கேட்டால் தர மாட்டார்கள்.

அதனால்தான், லேப்டாப்பே தன் இடத்தைச் சொல்லும்படி முன்கூட்டியே செட் செய்திட வேண்டும். ஒயிட் பிளெய்ன்ஸ் பெண்ணுக்குக் கை கொடுத்தது திறமை மட்டும் அல்ல. திருட்டுக்கு முன்பே அந்த வசதி ஆனில் இருந்தது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என்பதை ஆன் செய்திடுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் மூலம் லாக் இன் செய்திருக்க வேண்டும். லொக்கேஷனும் ஆனில் இருக்க வேண்டும். பின்னர் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கத்தில் ‘டிவைசஸ்’ பகுதிக்குச் சென்று, லேப்டாப் கடைசியாக இருந்த இடத்தைப் பார்க்கலாம். அங்கிருந்தே அதை லாக் செய்யலாம். மேக் என்றால் ‘ஃபைண்ட் மை’.

பெரும்பாலான லேப்டாப்களில் ஜி.பி.எஸ். கிடையாது. சுற்றிலும் உள்ள வை-ஃபை சிக்னல்களை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிடுகிறது. சிக்னல் இல்லாத இடமென்றால் ஐ.பி. அட்ரஸை வைத்து ஊகம்தான். மதுரையில் உள்ள லேப்டாப்பைச் சென்னையில் இருப்பதாகக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. லேப்டாப் இன்டர்நெட்டில் இணையவே இல்லை என்றால் அதுவும் இல்லை. திருடியவர் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டால் விண்டோஸில் கதை முடிந்தது. சில அலுவலக லேப்டாப்களில் மட்டும் பயாஸிலேயே கண்காணிப்பு சாஃப்ட்வேர் இருப்பதால், ஃபார்மேட் செய்தாலும் அது தப்பிவிடும்.

சரி, முகமே கிடைத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அவர்தான் திருடரா?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் 2008-இல் ஓர் ஆசிரியை, ஒரு மாணவனிடம் 60 டாலருக்குப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினார். அது பள்ளி நிர்வாகத்திடமிருந்து திருடப்பட்டது என்பது தனக்குத் தெரியாது என்றார். லேப்டாப்பைத் தேடிய கண்காணிப்பு நிறுவன ஊழியர், இடத்தைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. அவர் தன் நண்பரோடு பேசிய அந்தரங்க உரையாடல்களையும் படங்களையும் பதிவு செய்து போலீசிடம் கொடுத்தார். போலீசார் ஆசிரியையைக் கைது செய்தார்கள். பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. அவர் திருப்பி வழக்குத் தொடுத்தார். அதை விசாரிக்கலாம் என்று 2011-இல் ஃபெடரல் நீதிபதி சொன்னார். பிறகு சமரசத்தில் முடிந்தது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்கள் பில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கேமராவுக்கு முன்னால் நாளை நீங்களே உட்கார்ந்திருக்கலாம்.

எனவே, மேப்பில் புள்ளி தெரிகிறது என்று நீங்களே கிளம்பிப் போக வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரத்துடன் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். செல்போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து பிளாக் செய்ய அரசின் சி.இ.ஐ.ஆர். வெப்சைட் உள்ளது. சாதாரண லேப்டாப்பில் ஐ.எம்.இ.ஐ. கிடையாது என்பதால் அது இங்கே உதவாது. சீரியல் நம்பர்தான் அடையாளம்.

நண்பரிடம் அதுவும் இல்லை. அட்டைப் பெட்டி எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. கடைசியில் கடைக்காரரின் பில் காப்பியில் தேடி எடுத்துப் புகார் கொடுத்தோம். நான் செய்த ஒரே உருப்படியான வேலை, அன்று இரவே அவருடைய கூகுள் அக்கவுண்டில் அந்த லேப்டாப்பை சைன் அவுட் செய்து, மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்ற வைத்ததுதான். லேப்டாப் இன்னும் கிடைக்கவில்லை. அதற்குக்கூட அவர் கவலைப்படவில்லை. தங்கை கல்யாண போட்டோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன.

என் லேப்டாப்பின் சீரியல் நம்பரை இப்போது ரேஷன் கார்டு வைக்கும் ஃபைலில் எழுதி வைத்திருக்கிறேன். போட்டோக்கள் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில், பீரோவில் இருக்கின்றன.