கால்மணி தூரம்!

திருவனந்தபுரத்திலும் தூத்துக்குடியிலும் விமான நிலையம் இருக்க, நாஞ்சில் நாட்டுக்கு என்ன குறை என்கிறார்கள். குறையைக் கூறுகிறோம், கேளுங்கள்!

இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும் சிறு விமானத்துக்குக் கால்மணி வேலை. ஏற, இறங்கச் சேர்த்தால் அரைமணி. பறப்பதற்குத்தான் நேர் விமானம் இல்லை! வானில்தான் போவேன் என்பவர் சென்னையையோ பெங்களூரையோ சுற்றட்டும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றும் மூதறிவு!

இடையிலுள்ள நாகர்கோவிலுக்கு விமான நிலையமே கிடையாது. 1956 நவம்பர் 1-ல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம், மகிழ்ந்தோம். விமான நிலையம் எல்லைக்கு அப்பால் நின்றது. வளைகுடா செல்லும் மகனை வழியனுப்பும் தாய், களியக்காவிளை நெரிசலில் கடிகாரத்தையே பார்க்கிறாள். 70 கிலோமீட்டர் சாலையை அவள் கடக்கும் நேரத்தில், விமானம் அரபிக்கடலில் பாதியைத் தாண்டிவிடுமே!