முள் காட்டுவதும் மெய்ந்நிலையும்

நீளத்தை அளப்பதற்கு நீளமே போதும். துணி வணிகர் அளவுகோலைத் துணியின்மேல் வைத்து அளக்கும்போது ஒரு நீளத்தை மற்றொரு நீளத்தோடு நேரே ஒப்பிடுகிறார். வாங்குவோரும் அதனைக் கண்ணாரக் காண்கிறார். இருவருக்குமிடையே ஐயத்திற்கு இடமில்லை. ஆனால், கொதிகலனுக்குள் அடைபட்டிருக்கும் நீராவியின் அழுத்தத்தையோ, உலையின் வெப்பநிலையையோ, பாரந்தாங்கும் எஃகுத் தண்டில் நிகழும் நுண்ணிய நீட்சியையோ இவ்வாறு அளத்தல் இயலாது. அவை கண்ணுக்குப் புலனாவதில்லை. கையால் தொட்டறியவும் முடியாதவை.

ஆகவே பொறியியலார் வேறு வழி கண்டனர். காணமுடியாத ஒன்று, காணக்கூடிய மற்றொன்றில் உண்டாக்கும் மாறுதலை அளந்து, அதிலிருந்து முன்னதை உய்த்துணர்வதே அவ்வழி. இயந்திரப் பொறியியல் பயிலும் மாணவர்களுக்கு, அளவீட்டு முறைகளும் உணரிகளும் என்னும் பாடம் கற்பிப்பது இதனையேயாகும். அப்பாடத்தின் உயிர்நிலை ஒரே கருத்தில் அடங்கும். கருவி காட்டுவது பொருளின் மெய்ந்நிலையை அன்று. அந்நிலைக்குச் சான்றாக நிற்கும் வேறொன்றையே. இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியை அறிந்தவனே நல்ல பொறியாளன். அறியாதவன் கையில் எத்துணை விலையுயர்ந்த கருவியும் ஆபத்தாக முடியலாம்.

மூன்று உறுப்புகள்

எந்த அளவீட்டு முறையையும் மூன்று உறுப்புகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, அளக்கப்படும் பொருளோடு தொடர்புகொண்டு அதன் நிலைக்கேற்ப மாறும் உணரி. இரண்டாவது, உணரியில் எழும் சிறு குறிப்பைப் பெருக்கியும் செப்பனிட்டும் அனுப்பும் இடையுறுப்பு. மூன்றாவது, அக்குறிப்பைக் கண்ணுக்குப் புலனாக்கும் காட்டி.

பிரெஞ்சு நாட்டவரான யூஜின் பூர்தோன் 1849-இல் அமைத்த அழுத்தமானியில் இம்மூன்றும் ஒரு சிறு பெட்டிக்குள் அமைந்துள்ளன. அதனுள்ளே, தட்டையான குறுக்குவெட்டுடைய உலோகக் குழாயொன்று வில்போல வளைந்திருக்கிறது. அதன் ஒரு முனை மூடப்பட்டிருக்கும். மறுமுனை வழியாக நீராவியோ எண்ணெயோ அழுத்தத்துடன் புகும்போது குழாய் சற்றே நிமிர முற்படுகிறது, அதுவே உணரி. மூடிய முனையின் சிறு அசைவைக் கம்பியும் பற்சக்கரமும் பெரிதாக்குகின்றன, அவை இடையுறுப்பு. இறுதியில் வட்டத் தட்டின்மேல் முள் சுழல்கிறது, அதுவே காட்டி.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். முள்ளுக்கு அழுத்தம் இன்னதென்று தெரியாது. குழாய் எவ்வளவு நிமிர்ந்தது என்பதொன்றே அது அறிந்த செய்தி. மேலும், குழாய்க்கு வெளியே காற்று மண்டலத்தின் அழுத்தமும் இருப்பதால், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட எவ்வளவு மிகுதி என்பதையே அது காட்டுகிறது. முள் சுழியத்தில் நிற்கும்போது உள்ளே அழுத்தமே இல்லை என்று எண்ணுவது பிழை. ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் காற்றழுத்தம் அங்கும் இருக்கிறது.

வெப்பம் மின்னாகும் விந்தை

தொழிற்கூடங்களில் தெர்மோகப்பிள் என வழங்கும் வெப்ப மின்னிரட்டை, ஜெர்மானிய அறிஞர் தாமஸ் சீபெக் 1821-இல் கண்ட ஓர் உண்மையின் அடிப்படையில் அமைந்தது. இருவேறு உலோகங்களை முனைகளில் இணைத்து, ஒரு சந்தியை மட்டும் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி திரும்புவதை அவர் கண்டார். வெப்பத்தால் காந்தம் பிறந்தது என்றே அவர் கருதினார். உண்மையில் பிறந்தது மின்னோட்டம். அம்மின்னோட்டமே ஊசியைத் திருப்பிற்று. கண்டுபிடித்த அறிஞரே, ஊசி அசைந்ததைச் சரியாகக் கண்டும் அதனை அசைத்தது எது என்பதில் தவறினார் என்பது, அளவீட்டைப் பயில்வோர் மறத்தற்கரிய பாடமாகும்.

இவ்வுணரி சூடான சந்தியின் வெப்பநிலையைத் தனியே கூறுவதில்லை. இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டையே கூறுகிறது. பெரிதும் பயன்படும் குரோமெல், அலுமெல் இணையில் ஒரு செல்சியஸ் பாகை வேறுபாட்டிற்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் எழுகிறது. உலை 830 பாகையிலும், கம்பிகள் கருவியோடு சேரும் முனை 30 பாகையிலும் இருப்பதாகக் கொள்வோம். அம்முனை 0 பாகையில் இருப்பதாக எண்ணி அட்டவணையைப் பார்ப்பவர் உலையின் வெப்பநிலையை ஏறத்தாழ 800 பாகை என்றே எழுதுவார். கருவியில் பழுதில்லை, கருவி கூறியதைப் பொருள்கொண்டதில்தான் பழுது. சிங்கப்பூர், மலேசியா போன்ற வெப்ப நாடுகளின் தொழிற்கூடங்களில் இப்பிழை சிறிதன்று. இதனைத் தவிர்க்கவே இக்காலக் கருவிகளில், சேரும் முனையின் வெப்பநிலையை அளந்து ஈடுசெய்வதற்கென மற்றோர் உணரி வைக்கப்படுகிறது.

எஃகின் நுண்ணிய நீட்சி

பாலத்தின் உத்தரமும் பளுத்தூக்கியின் கரமும் பாரம் ஏறும்போது சிறிது நீள்கின்றன. இந்நீட்சியை அளக்க, மெல்லிய கம்பியை எஃகின்மேல் ஒட்டி அதன் மின்தடை மாறுவதைக் காணும் முறையை 1938-இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டனர். அதுவே திரிபு உணரி.

நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சி என்பது எஃகுக்குப் பெரும் சுமையாகும். அந்நிலையிலும் 120 ஓம் மின்தடையுடைய உணரியில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ 0.24 ஓம் மட்டுமே. இத்துணைச் சிறு மாற்றத்தைப் பிரித்தறிய வீட்ஸ்டன் சமனச்சுற்று துணைசெய்கிறது. சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி 1833-இல் அமைத்த இச்சுற்று, 1843-இல் சார்லஸ் வீட்ஸ்டன் அதனைப் பரவச் செய்தமையால் அவர் பெயரையே பெற்றது.

எனினும் இடர் ஒன்றுண்டு. வெயில் பட்டால் எஃகு விரியும். கம்பியின் மின்தடையும் மாறும். பாரமே ஏறாதபோதும் பாரம் ஏறியதுபோலக் கருவி காட்டும். இதற்கு மாற்றாக, அதே எஃகின் பாரம் ஏறாத துண்டொன்றில் அதே வகை உணரி மற்றொன்றை ஒட்டி, சமனச்சுற்றின் அடுத்த கரத்தில் இணைப்பர். வெப்பம் இரண்டையும் ஒன்றுபோல மாற்றுவதால் அவ்விளைவு நீங்கும்; பாரத்தின் விளைவு மட்டும் எஞ்சும்.

துல்லியமும் நுட்பமும்

அன்றாட வழக்கில் துல்லியம், நுட்பம் என்னும் சொற்கள் ஒருபொருள் உடையனபோல ஆளப்படுகின்றன. அளவியலில் அவை வேறு வேறு. மெய்யான அளவுக்கு அருகில் இருத்தல் துல்லியம். மீண்டும் மீண்டும் அளக்கும்போது அளவுகள் ஒன்றோடொன்று ஒத்திருத்தல் நுட்பம்.

100 கிலோகிராம் எடைக்கல்லை ஒரு தராசு 97.0, 97.1, 97.0 எனவும், மற்றொன்று 99, 101, 100 எனவும் காட்டுவதாகக் கொள்க. முன்னது நுட்பமுடையது, துல்லியமற்றது. பின்னது நுட்பத்தில் குறைந்தது. ஆயினும் அதன் சராசரி உண்மையைச் சார்ந்து நிற்கிறது. நுட்பமுடைய பொய்யே மிகுந்த கேடு விளைப்பது. ஏனெனில், ஒரே விடை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு மனம் ஐயமின்றி நம்பிவிடுகிறது. ஆயினும் அதனைத் திருத்துதலும் எளிது. நம்பத்தக்க அளவொன்றோடு ஒப்பிட்டுப் பிழையை அறிந்து நீக்கினால் போதும். இச்செயலே அளவுத்திருத்தம். தொழிற்கூடத்துக் கருவியை மேலான கருவியோடும், அதனை நாட்டின் அளவியல் நிலையத்து நியமத்தோடும் ஒப்பிட்டு வரும் சங்கிலி அறுபடாதிருத்தல் வேண்டும்.

அணைந்த விளக்கு

இக்கருத்துகள் தேர்வுக்கு மட்டும் உரியனவல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28-ஆம் நாள் விடியற்காலையில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அழுத்தம் மிகுந்தபோது திறந்த வால்வு ஒன்று, அழுத்தம் தணிந்தபின் மூடியிருக்க வேண்டும், மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்றே பணியாளர் கருதினர்.

அவ்விளக்கு வால்வின் நிலையோடு இணைக்கப்பட்டதன்று. வால்வைத் திறக்கும் மின்சுருளுக்குச் செல்லும் மின்னோடு இணைக்கப்பட்டது. மூடுக என்னும் கட்டளை சென்றது என்பதையே அது கூறிற்று. வால்வு மூடியது என்று கூறவில்லை. இரண்டு மணி நேரத்திற்கு மேலாக உலையைக் குளிர்விக்கும் நீர் அவ்வழியே வெளியேறியது. அழுத்தம் பேணும் கலத்தின் நீர்மட்டம் உயர்ந்து காட்டியதால், உலையில் நீர் மிகுதி என்று எண்ணிப் பணியாளர் அவசர நீரையும் குறைத்தனர். உலையினுள் நீர்மட்டத்தை நேரே காட்டும் கருவி அங்கு இல்லை. முடிவில் உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகியது. விளக்கு பொய் சொல்லவில்லை. அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாக மக்கள் கொண்டனர்.

ஓர் உணரியை நம்பிய விமானம்

மற்றொரு நிகழ்ச்சி இவ்வட்டாரத்திலேயே நடந்தது. 2018 அக்டோபர் 29-ஆம் நாள் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் சில நிமிடங்களில் ஜாவாக் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 189 பேரும் மாண்டனர். எதிர்வரும் காற்றோடு விமானம் கொள்ளும் கோணத்தை அளக்க, அதன் மூக்கின் இருபுறமும் ஓர் உணரி உண்டு. இடப்புற உணரி வலப்புற உணரியைவிட ஏறத்தாழ 21 பாகை மிகுதியாகக் காட்டியது. முன்னர்ப் பழுதுபார்த்தபோது அளவுத்திருத்தம் தவறியிருக்க வேண்டும் என்று இந்தோனேசிய விசாரணைக் குழு முடிவு செய்தது.

பிழையினும் பெரிய குறை வேறொன்று. விமானத்தின் மூக்கைத் தானே தாழ்த்தும் அமைப்பு, இரண்டு உணரிகள் இருந்தும் ஒன்றன் சொல்லையே கேட்டது. மூக்கு மிக உயர்ந்துவிட்டதாகக் கருதி, விமானிகள் உயர்த்த உயர்த்த அது தாழ்த்திக்கொண்டே வந்தது. 2019 மார்ச் 10-ஆம் நாள் எத்தியோப்பியாவிலும் அதே வகை விமானம் ஓர் உணரியின் பிழையால் அதே அமைப்பு இயங்கி வீழ்ந்தது. 157 பேர் உயிரிழந்தனர். அதன்பின்னரே அவ்வகை விமானங்கள் உலகெங்கும் தரையிறக்கப்பட்டன. இரு உணரிகளையும் ஒப்பிட்டு, அவை மிகவும் முரண்பட்டால் செயல்படாதிருக்குமாறு அவ்வமைப்பு மாற்றப்பட்டது.

மாணவர் கேட்க வேண்டிய வினாக்கள்

ஆதலின் எக்கருவியின் முன் நின்றாலும் மாணவர் நான்கு வினாக்களைக் கேட்டறிதல் வேண்டும். இவ்வுணரி எதனோடு தொடர்புகொண்டுள்ளது? அளக்க விரும்பியதன்றி வேறு எவை அதனை மாற்றவல்லன? கடைசியாக எதனோடு, எப்பொழுது ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது? இது பிழைபட்டால் அதனைக் காட்டிக்கொடுக்க வேறு சான்று உண்டா?

இவற்றை மாணவர் உள்ளத்தில் ஊன்றுவதில் மொழிக்கும் பங்குண்டு. "அழுத்தம் 8 பார்" என்று செய்முறை ஏட்டில் எழுதும் மாணவன், அறிந்ததைவிட மிகுதியாகக் கூறிவிடுகிறான். "அழுத்தமானி 8 பார் காட்டியது" என்று எழுதுபவனோ, கண்டதை மட்டும் கூறி, காணாததை ஆராய்வதற்கு வாயில் திறந்து வைக்கிறான். தமிழில் உள்ள இச்சிறு சொல்வேறுபாட்டை ஆசிரியர் பேணிக் கற்பிப்பாராயின், கருவியை மதிக்கவும் அதனை வினவவும் அறிந்த பொறியாளர் உருவாவர்.